அண்ணன் கட்டிலுக்கு அடியில் இருந்த கேன்

நான் வேலை பார்க்கிற கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. நான் அங்கே க்ளீனர். யாராவது துபாயை விட்டே போகிறார்கள் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் யோகம். மிக்ஸி, மெத்தை, பாதி தீர்ந்த ஷாம்பு எல்லாம் எங்கள் கைக்கு வரும். அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் ஸ்டோர் ரூமிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை இழுத்து வராந்தாவில் வைத்தார். மூன்றிலும் திராட்சைக் கொத்துப் படம். வீட்டிலேயே ரெட் வைன் போடுகிற கிட். உள்ளே கெட்டியான திராட்சைச் சாறு ஒரு பையில் இருக்கும். ஈஸ்ட் பொட்டலம் தனியாக இருக்கும். தண்ணீர் சேர்த்து ஈஸ்ட்டைப் போட்டு மூடி வைத்தால் சில வாரத்தில் வைன்.

"ஒண்ணு உனக்கு, மத்தது என் ஃப்ரெண்டுக்கு" என்று ஹிந்தியும் கையும் கலந்து சொன்னார். எதை எடுக்கிறாய் என்று என்னையே தேர்வு செய்யச் சொன்னார்.

நான் குடிப்பதில்லை. என் அண்ணனும் குடித்ததில்லை; இங்கே கடையில் விற்கிற லபான் என்கிற உப்பு மோர்தான் அவனுக்கு எல்லாம். ஆனாலும் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் ஒரே ஒருத்தன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் சோனாப்பூரில் என் அண்ணன் இருந்த தொழிலாளர் கேம்புக்கு பாஸ், ரூம்களுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பாளி. எங்கள் பக்கத்து ஊர்க்காரன். ஊர் வழக்கத்தில் மாமா என்று கூப்பிடுவோம்.

அவன் செய்ததை, ரூம்காரர்கள் பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னபடி, சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையில் அண்ணன் நெஞ்சு அடைக்கிறது, இன்றைக்கு டூட்டி வேண்டாம் என்று அவனிடம் போய் நின்றிருக்கிறான். "நாடகம் போடாத, யல்லா, பஸ் கெளம்புது" என்று ஏற்றிவிட்டான். அண்ணன் சைட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பஸ்ஸிலேயே தலை சாய்ந்துவிட்டான். தூங்குகிறான் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம்.

மறுநாள் கம்பெனி ஆபீஸர் ரூமைப் பார்க்க வந்தார். அண்ணன் கட்டிலுக்கு அடியில் ஒரு தண்ணீர் கேன். உள்ளே ஜூஸ் பாக்கெட்டும் சீனியும் ரொட்டி ஈஸ்ட்டும் போட்டுப் புளித்துக்கொண்டிருந்த வைன். அதைப் போட்டது கேம்ப் பாஸ் என்று அந்த ரூமில் எல்லாருக்கும் தெரியும். அவன் போடுவான், அண்ணனைத் தவிர எல்லாரும் லீவு நாளில் ஆளுக்கொரு டம்ளர் குடிப்பார்கள். ஆபீஸர் யாருடையது என்று கேட்டதும் அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "இறந்துபோனவனோடது சார்" என்றான். ரூமில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எல்லாருக்கும் விசா கலாஸ், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் நானும் போலீஸ் பக்கம் போகவில்லை. போயிருந்தால் அவனோடு சேர்த்து ஆறு வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்.

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை நான் தாங்கியிருப்பேன். அண்ணனை ஊருக்குக் கொண்டுபோய் எரித்த பிறகு அவன் லீவில் ஊருக்குப் போனான். கழுத்தில் சாமி மாலை. எங்கள் தெருவுக்கு வந்து, வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, "மாலை போட்டிருக்கேன் ஆத்தா, எழவு வீட்டுக்குள்ள வரப்படாது" என்றிருக்கிறான். பிறகு தெருவே கேட்கிற மாதிரி, "எத்தன வாட்டி சொன்னேன் ஆத்தா, இந்தக் குடி வேணாம் வேணாம்னு. கேக்கலையே பாவிப்பய" என்று கண்ணைத் துடைத்திருக்கிறான். ஆத்தா உள்ளே போய் அண்ணன் போட்டோவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. நான் போனில் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "நீ அவன் தம்பி, அப்பிடித்தான் சொல்லுவ" என்றது. வருசத் தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "குடிச்சுச் செத்தவனுக்கு என்னடா தெவசம்? ஊரு சிரிக்கும்."

என் அண்ணனுக்குச் சோறு வைக்க ஆள் இல்லை. அந்த ஒன்றுதான் எனக்குத் தூக்கத்திலும் ஓடியது. பழியைப் போட்டவன் வாயாலேயே அந்தப் பழி மாற வேண்டும். அதே தெருவில் எல்லாரும் கேட்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தேன். அந்த வராந்தாவில் நின்றபோது தெரிந்துவிட்டது.

மூன்று பெட்டியையும் போட்டோ பிடித்து அவனுக்கு அனுப்பினேன். 'மாமா, ஒண்ணுதான் எடுக்கலாம். எது நல்லது?'

அவன் அது மாதிரி ஒன்றுக்கு ஏங்கிக் கிடந்தான் என்பது எனக்குத் தெரியும். ஜூஸ் பாக்கெட்டில் போடுவதெல்லாம் பிச்சைக்காரன் வேலை, ஒரிஜினல் கிட் கிடைத்தால் காட்டுகிறேன் என் கையை என்று ரூமில் பீற்றிக்கொள்வானாம். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"மாப்ள, படத்தப் பாத்து ஏமாறாத. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாரு. எது கனமா இருக்கோ அதுல சாறு ஜாஸ்தி. லேசான பெட்டில பாதித் தண்ணிய நாமதான் ஊத்தணும். பச்சத் தண்ணிக்கு எதுக்குடா கிட்டு?"

தூக்கிப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி தோளை இழுத்தது.

"தேதியப் பாரு. ஈஸ்ட்டு பழசாயிருந்தா பொங்காது, சாறு வீணாப் போயிரும்."

பார்த்தேன். மூன்றுக்கும் இன்னும் நாள் இருந்தது.

"ஆட்டிப் பாரு. திராட்சத் தோலு தனிப்பையில இருக்கும். அது இருந்தாத்தான் வைனு நாக்கக் கவ்வும். அந்த ரோஸ் கலர் பெட்டி வேணாம், அது பொம்பளைக சர்பத்து."

கறுப்புப் பெட்டியில்தான் தோல் பை இருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். அவனுக்கு எது பிடிக்குமோ அதையே எடுத்தேன். கராமாவில் என் ரூமுக்கு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, அண்ணன் செத்த பிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோனாப்பூர் போனேன். அண்ணன் இருந்த அதே ரூம். அவன் கட்டிலில் இப்போது வேறு யாரோ ஒரு பையனின் லுங்கி தொங்கியது. அரியலூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருத்தர், அண்ணனோடு ஒரே பஸ்ஸில் போய் வந்தவர், தரையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கட்டிலில் படுத்துக் கிடந்தார்கள்.

எங்கள் ரூம்களில் ஒரு பழக்கம் உண்டு. லீவு நாளில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டால் பேசி முடித்ததும் வைப்பதில்லை. போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் துணி மடிப்போம், காய் அரிவோம். அந்தப் பக்கம் அவர்கள் மாவாட்டுவார்கள், சண்டை போடுவார்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு ரூமில் நாலு போன் அப்படிச் சாய்ந்து நிற்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் என் போனை அலமாரியில் எண்ணெய் டின் மேல் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் ஆத்தா. முதல் நாளே சொல்லியிருந்தேன்: என்னை நம்ப வேண்டாம், இந்த ஒரு தடவை நீயே கேளு; போனை வாசலில் வை, சத்தத்தைக் கூட்டி வை, சித்தப்பாவை உட்கார வை, யாரும் பேசக்கூடாது.

கேம்ப் பாஸ் பெட்டியைப் பார்த்ததும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்தான். கேனைச் சுடுதண்ணீரில் தானே கழுவினான். சாற்றுப் பையைத் திறந்து ஊற்றினான், ரத்தம் மாதிரி இறங்கியது. தண்ணீரை அளந்து ஊற்றினான்.

"ஈஸ்ட்டு கடைசிலதான் மாப்ள. சூடு ஆறாமப் போட்டா செத்துரும்" என்று பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

நான் மெதுவாகச் சொன்னேன். "எங்கண்ணன் போட்ட வைனுக்கு இது ஈடாகுமா மாமா?"

தச்சரின் கத்தி நின்றது.

"யாரு போட்ட வைனு?"

"எங்கண்ணன் போட்டது. வெறும் ஜூஸ் பாக்கெட்டுல போட்டும் அப்பிடி ஒரு நெறமாம், அப்பிடி ஒரு வாசமாம். கேம்ப்பே இன்னும் பேசுது. அது கைராசிங்கிறாங்க. நீங்க என்னதான் ஒரிஜினல் கிட்டுல போட்டாலும் அது வராதாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "எந்தப் பய சொன்னது? என்ன தச்சரே, நீ சொன்னியா?"

தச்சருக்கு நான் எதுவுமே சொல்லி வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். எண்ணெய் டின் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து வெங்காயத்தை அரிந்துகொண்டே, "நல்லாத்தான பாஸ் இருந்துச்சு. செத்தவன் கைப்பக்குவம், கொற சொல்லலாமா?" என்றார்.

கட்டிலில் கிடந்த ஒருத்தன், "ஆமா, அது மாதிரி இனிமே எங்க" என்றான்.

கேம்ப் பாஸ் முகம் கறுத்தது. "அட நன்றி கெட்ட பயலுவளா! செத்தவன் கையா? அவனுக்கு ஈஸ்ட்டு எது, ஆப்பச் சோடா எதுன்னு தெரியுமாடா? லபானத் தவிர ஒரு எழவும் குடிக்கத் தெரியாத பய. அது என் கேனுடா! ஜூஸ் வாங்குனது நானு, சீனி போட்டது நானு. அவங் கட்டிலுக்கு அடியிலதான் ஏசிக் காத்துப் படாதுன்னு தள்ளி வச்சதும் நானு. நாத்தம் தாங்காம மூக்கப் பொத்திக்கிட்டுப் படுத்துக் கெடப்பான் உங்கண்ணன். அவன் கைராசியாம்ல!"

மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பான் என்பது எனக்குத் தெரியாது. அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அத்தனை நாள் எந்த வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

எண்ணெய் டின்னிலிருந்து ஆத்தா குரல் வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுப்பு. ஆத்தாளுக்குக் காது சரியாக் கேக்கல."

அவன் குரல் வந்த பக்கம் தேடினான். பிறகுதான் போனைப் பார்த்தான். சின்னக் கண்ணாடிக்குள் எங்கள் வாசல் தெரிந்தது. ஆத்தா, சித்தப்பா, அவர்களுக்குப் பின்னால் தெருச் சனம் பாதி நின்றுகொண்டிருந்தது. அவனுடைய சொந்த மச்சான்கூட ஓரமாக நின்றான்.

"ஆத்தா... நாங்க சும்மா வெளையாட்டுக்கு..."

போனைப் பிடுங்கக் கையை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். தினமும் பக்கெட் தூக்குகிற கை என் கை. அவனால் அசைக்க முடியவில்லை.

ஆத்தா கத்தவில்லை. "நெஞ்சு வலிக்குதுன்னு எம்மவன் ஒங்கிட்ட வந்து சொன்னானா?" என்றது.

தச்சர்தான் எழுந்து போனுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் இன்னும் கத்தி, கண்ணில் தண்ணீர், வெங்காயத்தாலா என்று தெரியாது. "சொன்னான் ஆத்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். பயந்துக்கிட்டு அன்னிக்குப் பேசாம இருந்துட்டேன்" என்றார்.

கேம்ப் பாஸ் சட்டையை மாட்டாமலே தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். நான் பின்னால் போய் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் கை ஊறுகிறது.

ஈஸ்ட் பொட்டலத்தை அவன் கையோடு கொண்டு போய்விட்டான். கேன் நிறையத் திராட்சைச் சாறுதான் மிச்சம். என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம். பிறகு தச்சர் ஐஸ் வாங்கிவரச் சொன்னார். அப்படியே டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். பல்லைக் கூசவைக்கிற இனிப்பு. என் அண்ணனும் குடித்திருப்பான் இதை.

தெவசம் நடந்தது. நான் போனில்தான் பார்த்தேன். சித்தப்பாவே போய் ஐயரைக் கூட்டி வந்தார். போட்டோவைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். இலையில் சோறு, கறிக்குழம்பு, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். லபான் என்றால் என்ன என்று ஆத்தா என்னிடம் கேட்டுக் கேட்டு, உப்பை எவ்வளவு போடவேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதே மாதிரி கலக்கி வைத்திருந்தது.

கேம்ப் பாஸ் எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினான். தெரியாமல் சொல்லிவிட்டேன், ஆத்தாவிடம் நீ ஒரு வார்த்தை பேசு, என் பெண்டாட்டி ஊரில் குழாயடிக்குப் போக முடியவில்லை என்கிறாள் என்றெல்லாம். படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன், பிடித்த பாட்டைக் கேட்கிற மாதிரி. பதில் போடவில்லை. அவன் பெண்டாட்டிக்காகக் கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டது. அவனுக்காக இல்லை. இந்த வருசம் லீவு வந்தும் அவன் ஊருக்குப் போகவில்லை என்று தச்சர் சொன்னார்.

அதை ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. கையை நிறுத்தாமல் சொன்னது:

"வரச் சொல்லுடா. தெருவுல நிக்க வேணாம், வீட்டுக்குள்ள வந்து எம்மவன் படத்துக்கு நேரா உக்காரட்டும். எங் கையாலயே சோறு போடுறேன். இந்த வாட்டி மாலை போடாம வரச் சொல்லு."