கருப்பட்டியும் மணல் தூசியும்

அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிச் சீட்டில் காசநோய் என்று எழுதியிருக்கிறது. தேதியும் கையெழுத்தும் தெளிவாக இருக்கின்றன. என்ன வேலை செய்தார் என்று எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

நேற்று துறைமுகச் சாலையில் ஒரு பட்டறையைக் கடந்தபோது, இரும்புத் தகட்டின் துருவைக் காற்றழுத்தத்தில் துகள் பீய்ச்சி உரிக்கும் அந்தச் சீறல் கேட்டது. பீய்ச்சியவர் தலைக்கவசம் போட்டிருந்தார். அதற்குள் சுத்தமான காற்று போக ஒரு குழாய் இருந்தது.

அப்பாவுக்கும் இதே வேலைதான். ஆனால் அவர் பீய்ச்சியது ஆற்று மணல். முகத்தில் ஈரத்துண்டு மட்டும் கட்டியிருப்பார். சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்து, காய்ந்த சுண்ணாம்பு வாசத்தோடு வருவார். கான்டிராக்டர் தினமும் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு கொடுப்பார். அதைத் தின்றால் நெஞ்சுத் தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அப்பா தின்னாமல் எனக்கும் தங்கைக்கும் கொண்டுவருவார்.

“நீங்க தின்னாத்தான தூசி எறங்கும்? பிள்ளையளுக்கு ஏன் குடுக்கீய?” என்று அம்மா கத்துவாள்.

“தூசிக்கு வழி தெரியும் ஏளா, தானா எறங்கும்” என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும்.

நுரையீரலில் படிந்த மணல் தூசி எந்த இனிப்புக்கும் இறங்காது, அதனால் வரும் நோயைப் பல இடங்களில் காசநோய் என்றே எழுதிவிடுகிறார்கள் என்று பின்னால் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன், அவள் ஏற்கவில்லை. “உங்கப்பன் பங்கை நீங்க ரெண்டு பேரும்லா தின்னுட்டீய” என்று சாகும்வரை சொன்னாள். தங்கை இன்றும் கருப்பட்டிக் காப்பி குடிப்பதில்லை.

கான்டிராக்டர் அதை நம்பித்தான் கொடுத்தாரா, முகமூடியைவிட மலிவு என்று தெரிந்தே கொடுத்தாரா? அவரும் இறந்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். எது உண்மை என்று நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.