குழாய்க்குள் போனவன்

என் அம்மா சிறுவர்களுக்காக ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறாள். ஐந்திலும் ஒரே பையன்தான் வருவான். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டில் இருப்பான், படிப்பில் சுமார், பள்ளி விட்டதும் தெருவில் எதிலாவது மாட்டிக்கொண்டு எப்படியோ தப்பித்து வருவான். அவன் செய்தவற்றில் பெரும்பாலானவை நான் செய்தவை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சாலையை அகலமாக்குவதற்காக எங்கள் தெருமுனையில் சிமென்ட் குழாய்களை இறக்கிப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுக்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டது. ஒரு குட்டி மட்டும் நடுவில் சேற்றில் சிக்கிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுத் தோழி டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, நான் தவழ்ந்து உள்ளே போனேன். குட்டியோடு வெளியே வந்தபோது அம்மாவின் கம்பெனி பஸ் அங்கே நின்றிருந்தது. அவள் கேன்டீனில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். இறங்கி வந்தவள் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தாள்.

“பொட்டப் புள்ளயா நீ? தெருவே பாத்துகினு கீது. இனிமே வாசப்படி தாண்டுன, கால ஒடச்சிடுவேன்.”

மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே மெல்லக் கேட்டாள். “உள்ள எப்டிடி இருந்துச்சு?”

அவள் சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மூச்சுச் சத்தமே எனக்குத் திரும்பக் கேட்டது, நடுவில் திரும்ப முடியாமல் பயந்துபோனது, ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தது எல்லாம்.

“ஏழாம் வாய்ப்பாடு எதுக்குடி?”

“அதுலதான் எப்பவும் தப்பு வுடுவேன். தப்பில்லாம சொல்லிட்டா வெளிய வந்துடலாம்னு நெனச்சேம்மா.”

அம்மா சிரித்தாள். எனக்கும் மனசு லேசானது. அதிலிருந்து எங்களுக்குள் அது வழக்கமாகிவிட்டது. மாலையில் திட்டுவாள், காலையில் கேட்பாள். இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் ஏழாவது படிக்கும்போது அவளுடைய முதல் புத்தகம் வந்தது. எங்கள் பள்ளியில் அவளை மேடைக்கு அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவள் எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியும், என்ன எழுதுகிறாள் என்று தெரியாது. மைக்கின் முன் நின்று குழாய் அத்தியாயத்தைப் படித்தாள். மூச்சுச் சத்தம் இருந்தது. ஏழாம் வாய்ப்பாடு இருந்தது. நாய்க்குட்டியோடு வெளியே வந்தவன் மட்டும் பையன். அவனுக்கு ஒரு தங்கச்சி. அவள் குழாய் வாயில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய தாய் ஓடிவந்து, சேறும் சகதியுமாக அவனை அப்படியே அணைத்துக்கொண்டாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். தோழி என் தொடையைக் கிள்ளினாள். “ஏய், இது நீதானடி? டார்ச் புடிச்சது நான்தான?”

ஒரு டீச்சர் எழுந்து, இது நிஜமாக நடந்ததா என்று கேட்டார். அம்மா நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“எங்க தெருவுல ஒரு பையன் செஞ்சது, டீச்சர்.”

அவள் அறைந்ததைக்கூட நான் மறந்திருந்தேன். அன்றைக்குத்தான் அது வலித்தது. அணைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

அதன் பிறகு அவள் என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்லம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் வற்புறுத்தவில்லை. முன்பு நான் சொன்னதே ஐந்து புத்தகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். போன வருடம் பதிப்பகத்தார் ஐந்தையும் ஒரே தொகுதியாகப் போட முடிவு செய்தார்கள். அச்சுப் பிழை பார்த்துத் தரச் சொல்லி அம்மா அச்சுத்தாள் கட்டைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

“என்னை எதுக்கும்மா பையனாக்குன?”

“பொண்ணுன்னு எழுதுனா ஊரு உன்ன இன்னா சொல்லும்னு பயந்தேன்.”

“ஊரா, நீயா?”

“நான்தான்டி. உன்ன அடிச்சிட்டு, நீ செஞ்சதையே பெருமையா எப்டி எழுதறது?” என்றாள். பிறகு, “முன்னுரையில உண்மையச் சொல்லிடறேன். உன் பேரப் போட்டே சொல்றேன்” என்றாள்.

நான் நம்பினேன். பிழைகளையெல்லாம் திருத்திக் கொடுத்தேன். புத்தகம் வரும்வரை, தோழியிடம் எப்படிக் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

புத்தகம் வந்தது. இரண்டு பக்க முன்னுரை. கேன்டீன் வேலை, எழுதக் கிடைத்த நேரம், பதிப்பகத்தாரின் பொறுமை எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரியில் நான் இருந்தேன்: மெய்ப்புப் பார்த்து உதவிய என் மகளுக்கு நன்றி. பெயர்கூட இல்லை.

சமையலறைக்குப் போய் அவள் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தேன்.

“எழுதினேன்டி. ரெண்டு வாட்டி எழுதினேன்” என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. “கிழிச்சிட்டேன்.”

ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. புத்தகத்தை அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பாத்திரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். நான் எடுக்க மறந்த சோற்று டப்பாவோடு அவள் வாசல்வரை வந்து கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.