அவளுக்கு விளங்காதென்று பேசிய ஆங்கிலம்

மறைந்திருப்பவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை நான் மாத்தளை பஸ் நிலையத்தில்தான் அறிந்துகொண்டேன். அங்கே டைம் கீப்பராக உத்தியோகம் பார்த்த காலத்தில், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தை நிரப்ப எனக்குக் கிடைத்தது ஒரு பழைய ஆங்கில அகராதி. பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை.

எல்கடுவ மலையில் பனி இறங்கினால் அந்தப் பாதை பஸ் எங்கே நிற்கிறதென்று எவராலும் சொல்ல இயலாது. பயணிகள் வந்து கேட்பார்கள். வந்துகொண்டிருக்கிறது என்பதே எனது நிரந்தரமான பதில். இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்னும் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தேடப் புகுந்ததே எனது ஆராய்ச்சியின் தொடக்கம். 'லேட்டன்ட்' என்றால் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளிப்படவில்லை. 'அப்ஸ்கியூர்' என்றால் வெளியேதான் இருக்கிறது, வெளிச்சம் போதவில்லை. 'கவர்ட்' என்றால் யாரோ வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார். 'க்ளன்டெஸ்டின்' என்றால் மூடி வைத்தவருக்கு அதில் கொஞ்சம் வெட்கமும் உண்டு. 'இம்பர்செப்டிபிள்' என்பதில் எவர்மீதும் குற்றமில்லை. பொருள் கண்ணுக்கு எட்டாத அளவு நுண்மையானது, அவ்வளவே. நமது மலைகளில் நெடுங்காலம் தோட்டம் நடத்திய ஒரு சமுதாயம், மறைத்தலை இவ்வளவு நுட்பமாக வகைபிரித்து வைத்திருந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

இச்சொற்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு பஸ் நிலையத்தில் எனக்கு வாய்க்கவில்லை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, அது என் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. எங்களோடு வசிக்கும் ஒரே மகள், ஆங்கில ஆசிரியை, அதை முதலில் கண்டாள். கண்டிக்குக் கூட்டிச் சென்றோம். ஊசி குத்திச் சோதித்தார்கள். முடிவு கேட்கப் போன நாளில், அம்மா வெளியே வாங்குப் பலகையில் உட்காரட்டும் என்று மகள் தீர்மானித்தாள். நானும் அவளும் உள்ளே போனோம். டொக்டர் இளவயதினர், சிங்களவர். எங்களை மதித்து ஆங்கிலத்தில் விளக்கினார். இது கேன்சர்தான், நல்லவேளையாகச் சிறியது, வெட்டி எடுத்துவிட்டால் பயமில்லை. ஆனால் குரலை இயக்கும் நரம்பு அதையொட்டி ஓடுகிறது. ஒப்பரேஷனுக்குப் பின் குரல் குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். நாங்களும் மரியாதை குறையாமல் ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறினோம். அந்த அறையிலிருந்த மூவருக்கும் சிங்களம் அதைவிட இலகுவாக வரும் என்பது ஒருவர் நினைவிலும் எழவில்லை.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றாள் மகள். நானும் உடன்பட்டேன். காரணம் இருந்தது. மனைவியின் அக்கா இதே நோய்க்கு ஒப்பரேஷன் செய்யப்பட்டு வீடு திரும்பவில்லை. நோயின் பெயரைக் கேட்டால் இவள் ஒப்பரேஷன் கட்டிலில் ஏறவே மாட்டாள், கட்டியோடு வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்பதே எங்கள் அச்சம். குரல் போகலாம் என்று சொல்வதோ அதனிலும் ஆபத்து. மீன்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திவைக்கும் குரல் அது. எனவே சாதாரணக் கழலை என்று சொல்லி அழைத்துப் போவதென்றும், அதுவரை வீட்டில் இதைப்பற்றி ஆங்கிலத்தில் மட்டுமே உரையாடுவதென்றும் முடிவாயிற்று.

முதல் நாளிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. கேன்சர், ஒப்பரேஷன், ரிப்போர்ட், சீரியஸ் என்பவை ஆங்கிலமாக இருந்த காலம் போய்விட்டது. எங்கள் தெருவில் கீரை விற்க வரும் பெண்ணுக்கும் அவை தெரியும். அப்பொழுதுதான் எனது சேமிப்பு கைகொடுத்தது. நோய் 'லேட்டன்ட்' விடயம் ஆயிற்று. குரல் இழப்பு 'அப்ஸ்கியூர்' விளைவு ஆயிற்று. எங்கள் திட்டத்துக்கு 'கவர்ட்' என்று நானே பெயர் சூட்டினேன். 'க்ளன்டெஸ்டின்' பொருத்தமாக இருந்திருக்கும். மகளுக்கு முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"அப்பா, இப்படி யாருமே இங்கிலீஷ் பேசுறதில்ல" என்றாள் மகள்.

"யாரும் பேசாததுனாலதான் அதுல பாதுகாப்பு இருக்கு" என்றேன்.

மனைவி தேநீரோடு வரும்போதெல்லாம் நாங்கள் பேச்சை நிறுத்திப் புன்னகை செய்தோம். பேசுங்க, பேசுங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். அதை அவளுடைய அறியாமை என்று எடுத்துக்கொண்டு நான் மனதுக்குள் இரக்கப்பட்டேன். ஒருமுறை மட்டும் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அது என்னங்க, லேட்டன்ட்?"

எதிர்பாராத கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னும் வந்து சேராத பஸ்ஸ அப்படிச் சொல்லுவாங்க."

"அப்ப வரும்தானே?"

"வரும்."

அவள் அடுத்த பாதித் தேங்காயை எடுத்தாள். விளக்கம் திருப்தியளித்ததென்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் மாலை, அவள் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பல தடவை ஒத்திகை பார்த்திருந்த தமிழ் வாசகத்தைச் சொன்னாள்: சின்னக் கழலைதான், எடுத்துவிட்டு வந்துவிடலாம். என் மனைவி மடித்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கழலைக்கு நீ ஏன்டி மூக்க உறிஞ்சுற? கேன்சர்தானே. எனக்குத் தெரியும்."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்டேன். என் குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒரு நல்ல ஏற்பாட்டை யாரோ கெடுத்துவிட்டார்களே என்ற கோபம்.

"டொக்டர் மாத்தயாதான். நீங்க ரெண்டு பேரும் மருந்து எடுக்கப் போனீங்கல்ல, அப்ப உள்ள போய்க் கேட்டேன். எனக்கு என்ன வருத்தம், என்ன நோய்னு கேட்டேன், சொன்னாரு. கொரல் போகலாம்னும் சொன்னாரு."

'மாத்தயா' என்பது சிங்களத்து 'ஐயா'. அவள் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவள். பிள்ளைப் பருவத்தில் விளையாடியதே சிங்களத்தில்தான். ஆகவே, நாங்கள் அன்று கண்டியிலிருந்து ரயில் ஏறுவதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் பேசிய ஆங்கிலம் முழுவதும் அதற்குப் பிற்பட்டது.

அப்படியென்றால் இத்தனை நாளும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிரஷர் இருக்கே. அதோட டொக்டர் மாத்தயாவே சொன்னாரு. ஐயா எல்லாத்துக்கும் தலைய ஆட்டுறாரு, அவருக்கு வெளங்கல போல, வீட்ல வச்சு மெதுவா சொல்லுங்கன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிப்பதற்குச் சற்று நேரம் எடுத்தது.

பிறகு, கேட்கப் பயந்ததைக் கேட்டேன். அக்காவுக்கு நடந்ததை நினைத்து ஒப்பரேஷன் வேண்டாமென்று இருக்கிறாயா என்றேன். அவள் பையை மூடிவிட்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்காகிட்ட யாருமே சொல்லலங்க. வெறும் புண்ணுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. முத்துனதுக்குப் பொறகுதான் வெட்டுனாங்க. எனக்குக் கத்தியில பயமில்ல. என்னன்னு தெரியாமப் படுத்துக் கெடக்குறதுலதான் பயம். நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்பயாவது உங்க வாயால சொல்லுங்க. தமிழ்ல."

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஒனக்குப் புத்துநோய். வெட்டி எடுக்கணும். கொரல் கொறையலாம்."

வாரக்கணக்காக அகராதியின் துணையோடு நாங்கள் மூடிவைத்த சங்கதி இவ்வளவு சிறியது.

"சரி" என்றாள் அவள். "அந்தச் சீப்ப எடுத்துத் தாங்க. வைக்க மறந்துட்டேன்."

மறுநாள் என் கையைப் பிடிக்காமலே கட்டிலில் ஏறினாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டொக்டர் வந்து கூறினார். இம்முறை மகளிடம் ஆங்கிலத்திலும், என்னிடம் மிக மெதுவாகச் சிங்களத்திலும். குரலைப்பற்றிச் சில நாட்கள் சென்றுதான் சொல்ல முடியும், அதுவரை அதிகம் பேச வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் காலையில் அவர் நோயாளிகளைப் பார்த்துவரும்போது, அவள் விரலை அசைத்து அவரை அருகே அழைத்தாள். அவர் குனிந்தார். அவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். காற்றைப் போல மெல்லியதாயினும் அது குரல்தான். நான் கட்டிலின் மறுபக்கம் நின்று அதைக் கேட்டேன். சொற்கள் எனக்கு எட்டவில்லை. டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

என்ன சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். அவள் கழுத்தில் போட்டிருந்த கட்டைச் சுட்டிக்காட்டினாள். பேசக்கூடாது என்பது டொக்டரின் உத்தரவல்லவா. பின்னர் கண்களை மூடிக்கொண்டாள்.