மூன்றாவது பாட்டு நின்ற இடம்

எங்கள் இரண்டாவது ஆல்பம் வெளிவந்த பிறகு போனைக் கையில் எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. திட்டுகிறார்களே என்பதற்காக அல்ல. டிரம்ஸ் வாசிப்பவனுக்குத் திட்டு புதிதில்லை, வீட்டிலேயே அது தொடங்கிவிடும். அந்த ஆல்பத்தை எங்கே பதிவு செய்தோம் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால்? தெரிந்தால் என் வீடு போய்விடும். அதுதான் பயம்.

நாங்கள் நான்கு பேர். முதல் ஆல்பத்தை வேங்கிக்கால் பக்கம் ஒரு காலி நெல் குடோனில் பதிவு செய்தோம். தகரக் கூரை அதிர அதிர வாசித்தோம், தொண்டை கிழியக் கத்தினோம். அதைத்தான் ஊர்ப் பையன்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் குடோனை இடித்து மனை போட்டுவிட்டார்கள். சென்னையில் ஸ்டுடியோ எடுக்க எங்களுக்கு வசதியில்லை. மிச்சமிருந்தது நான் குடியிருந்த மாடி வீடுதான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து. கீழ்த்தளத்து அறைகளை வீட்டுக்காரர் தியானத்துக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார். சாவி கொடுத்த அன்றே சொல்லிவிட்டார். "மத்தது எதுவும் கேக்கமாட்டேங்க. சத்தம் மட்டும் கூடாது. கீழ கண்ண மூடி உக்காந்துனு இருப்பாங்க."

அதற்கு முன்பே என் டிரம்ஸால் இரண்டு வீடு காலி செய்திருந்தோம். மகளை அப்போதுதான் தெருமுனைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். "இன்னொரு தபா மூட்டைய கட்ட சொன்னீங்கனா நேரா எங்கம்மா வீட்டுக்குத்தான்" என்றாள் மனைவி. அவள் சிரிக்காமல் சொன்னால் அது விளையாட்டு இல்லை.

ஆகவே பௌர்ணமிகளில் மட்டும் பதிவு செய்தோம். அன்றைக்குச் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். காணாமல் போன குழந்தைகளின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கீழே தங்கியிருப்பவர்களும் மலை சுற்றப் போய்விடுவார்கள். மத்தியானத்திலிருந்தே ஜன்னல்களைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டு, டிரம்ஸ்மேல் துண்டைப் போட்டு உட்காருவோம். அப்படியும் ஓங்கி அடிக்க எனக்குக் கை வரவில்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோலத்தான் வாசித்தேன். பாடகன் மைக்குக்குள் வாயை வைத்துக்கொண்டு முணுமுணுத்தான்.

மூன்றாவது பாட்டின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

நான்கு பேரும் அப்படியே நின்றோம். என் குச்சி அந்தரத்தில். பாடகன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். காலடி படியிறங்கிப் போன பிறகு, ஏனென்று தெரியவில்லை, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். குரல் நடுங்கியது. அவன் அப்படிப் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தால், வாசலில் ஒரு தொன்னையில் சூடாகச் சர்க்கரைப் பொங்கல். வீட்டுக்காரர் பௌர்ணமிதோறும் கேட் அருகே அன்னதானம் செய்வார், அதில் எங்களுக்கும் ஒரு பங்கு. அவர் காதில் எங்கள் பாட்டு விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள் பார்த்தபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பப் பாடிப் பார்த்தோம், அந்த நடுக்கம் வரவில்லை. நின்ற இடத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, அதையே ஆல்பத்தில் வைத்தோம்.

வெளிவந்ததும் சண்டை ஆரம்பித்தது. விமர்சகர்கள் உருகினார்கள். மலையின் மௌனத்தை இசையில் பிடித்துவிட்டார்கள், முதல் ஆல்பத்தின் இரைச்சலைக் கடந்து பக்குவப்பட்டுவிட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். மூன்றாவது பாட்டில் வரும் அந்த நிறுத்தத்துக்கு மட்டுமே ஒருவர் ஒரு கட்டுரை எழுதினார். ரசிகர்களுக்கோ வயிற்றெரிச்சல். 'வெள்ளைக்காரனுக்கு தியான மியூசிக் போட்டுட்டானுங்க', 'பீட் கம்மி, பில்டப் ஜாஸ்தி', 'நடுவுல பாட்டு நின்னுடுது, ஃபைல் கெட்டுப்போச்சா?'

அவர்களில் ஒருவன் முகப்புப் படமாக ஒரு பைக்கை வைத்திருப்பவன். முதல் ஆல்பத்தின் ஒவ்வொரு வரியையும் பகிர்ந்தவன். இப்போது எங்களை விடாமல் துரத்தினான். ஒருநாள் எழுதினான்: 'ஹெட்போன்ல சவுண்ட ஜாஸ்தி வெச்சு கேட்டேன். நிக்கறதுக்கு முன்னாடி கதவ தட்டுற சத்தம் வருது.'

அந்தக் கட்டுரை எழுதிய விமர்சகர் உடனே பதில் போட்டார், அது மனதின் கதவாம். 'மரக்கதவு சார்' என்றான் இவன். நூறு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கதவா தாளவாத்தியமா என்று அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் என் வீட்டுப் படியில் ஒவ்வொரு படியாக ஏறி வருவதாகவே எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே, மோட்டார் போட இறங்கினபோது வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க பாட்டு பத்தி நல்லா எழுதியிருக்காங்களாமே. ரொம்ப அமைதியா இருக்குதாம். எங்க எடுத்தீங்க?"

"மெட்ராஸ்லங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழம மண்டபத்துல ப்ரோக்ராமாமே? நானும் வர்றேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மண்டபம் மாலையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டதால் எங்களுக்குப் பகல்தான் கிடைத்தது. அன்று மகளுக்குச் சளி, மனைவி அவளோடு வீட்டிலிருந்தாள். வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில், துவைத்த வேட்டியில், கைகட்டி உட்கார்ந்திருந்தார். அந்த விமர்சகர்தான் தொகுப்பாளர். மூன்றாவது பாட்டு நின்ற இடத்தில் "கரண்ட் போச்சா?" என்று யாரோ குரல் கொடுக்க, பாதி மண்டபம் சிரித்தது. மீதிப் பாதி உஷ் என்றது. நான் வீட்டுக்காரரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி நேரத்தில் ஓர் ஒல்லியான ஆள் எழுந்து மைக்கை வாங்கினான். "அந்த மூணாவது பாட்டு பத்தி எழுதினு இருக்கறது நான்தான்" என்றான். அந்த பைக் படக்காரன்தான். மகளின் பள்ளிப் பை, மூட்டை கட்டிய பாத்திரங்கள், மனைவியின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. அவன் என்னைப் பார்த்தான். என் பார்வை போன பக்கம் திரும்பி, இரண்டாவது வரிசையையும் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல சார், மொத ஆல்பத்துல ஒரு பாட்டு வாசிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நிகழ்ச்சி முடிந்ததும், பந்தி அறையில் கை கழுவுகிற இடத்தில் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"அண்ணா, அது கதவுதானே?"

நான் குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

"முன்னாடி உக்காந்தவரப் பாத்து நீங்க முழிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஓனர்னு. எங்க வீட்லயும் ஓனர் தட்டினா அப்படித்தாண்ணா. டிவி, மிக்ஸி, பேச்சு எல்லாம் நின்னுடும். எங்கம்மா வாயில வெரல வெச்சு எங்களப் பாப்பாங்க. அத மறக்கத்தாண்ணா உங்க மொத ஆல்பத்த கேட்டுனு இருந்தேன். அதையே கொண்டாந்து பாட்டுல வெச்சுட்டீங்களே."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். மலையின் மௌனம் என்று நாடே எழுதியதை அவன் ஒருவன்தான் சரியாகக் கேட்டிருந்தான். சரியாகக் கேட்டதால்தான் அவனுக்கு அது பிடிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு அவன் தோளைத் தொட்டேன். வேறென்ன செய்ய என்று தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்தேன். வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். எப்போதும் கீழிருந்து போன் செய்துவிட்டுத்தான் ஏறுவேன், அன்று மறந்துவிட்டது. உள்ளே டிவியில் ஏதோ கார்ட்டூன். மகள் மூக்கடைத்த குரலில் சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவைத் தட்டினேன்.

டிவி நின்றது. மனைவியின் சிரிப்பு நின்றது. மகள் ஒரு சொல்லைப் பாதியில் விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் காலடி இறங்கிப் போவதற்காகக் காத்திருந்தார்கள். "நான்தான் பாப்பா" என்று சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை.