கைராசிக்காரியின் மெயில்

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு சந்துக்குள் மகேஸ்வரியின் கடை இருக்கிறது. குறுக்கே ஒரு ஆள் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடும் என்று அவள் புருசன் பாண்டியராஜ் கேலி செய்கிற அளவுக்கான அறை. அதில் முக்கால்வாசி இடத்தைக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் பிடித்துக்கொண்டிருக்கும். மீதி இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நூல்கண்டு அடுக்கிய ரேக், கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் துணிகள். மிஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு மனசு நிம்மதியாக இருக்கும். பாதி விலையைக் கட்டி, மீதியை ஃபைனான்ஸில் தவணையாகப் போட்டு வாங்கிய மிஷின் அது.

அகரத்தில் சம்பங்கி போட்ட வீட்டில் பிறந்தவள் மகேஸ்வரி. விடியுமுன் பூ எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியவள், ப்ளஸ் டூ முடித்த கையோடு பழனி ரோட்டில் ஒரு எம்பிராய்டரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவள் லிடியா. வயதில் கொஞ்சம் மூத்தவள், வாய்த்துடுக்கு அதிகம், சாப்பாட்டில் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் மட்டும் எப்போதும் கூடுதலாகக் கொண்டுவந்து பாதியை மகேஸ்வரியின் டப்பாவில் தள்ளிவிடுவாள். கம்பெனியில் லிடியாவுக்குத் தனி மரியாதை இருந்தது. கைராசிக்காரி என்று பெயர். புது லாட் துணி வந்தால் முதல் பட்டனை அவள்தான் அமுக்க வேண்டும். வேறு யாராவது அமுக்கினால் ஊசி ஒடிகிறது, நூல் அறுகிறது என்று மேஸ்திரி நம்பினார். அவர் நம்பியதால் எல்லாரும் நம்பினார்கள்.

அதனால் நாலு வருசத்துக்கு முன் ஓர் ஆவணியில் மகேஸ்வரி சொந்தக் கடை திறந்தபோது, முதல் வரவு செலவெல்லாம் லிடியா கையால் நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அன்றைக்கு முதலில் வாங்கியது ஒரு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரில் வரைந்த பூவையும் கொடியையும் மிஷினுக்குப் புரிகிற தையலாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர் அது. தொழிலில் இந்த வேலைக்கு பஞ்சிங் என்று பெயர். ஒரேயடியாக வாங்கிப் போட்டுக்கொள்கிற காலம் போய்விட்டது. வருசச் சந்தா கட்ட வேண்டும், கட்டுகிற வரைதான் திறக்கும்.

லிடியா தன் போனை எடுத்தாள். தன் மெயிலைப் போட்டாள். மகேஸ்வரியின் கார்டு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பேங்க்கிலிருந்து வந்த ஓடிபியை மகேஸ்வரி வாய்விட்டு வாசித்தாள். லிடியா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினாள். பாண்டியராஜ் கற்கண்டு கொடுத்தான். கைராசிக்காரி செய்ய வேண்டியதை அவள் போனில், அவள் பெயரில், அவள் விரலால் செய்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். சந்தா கட்டுகிறவள் ஒருத்தி, கணக்குக்குச் சொந்தக்காரி இன்னொருத்தி ஆகிவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை.

கடை ஓடத்தான் செய்தது. ஆனால் இந்த வருசம் ஆடி மாதம் படுத்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாவிட்டால் ஜாக்கெட் வேலையும் கிடையாது. மிஷின் தவணை ஒன்று தவறிப்போனது. ஃபைனான்ஸிலிருந்து பொம்மையன் வந்தார். நல்ல மனுசன், குரல் உயர்த்தத் தெரியாதவர். மிஷினைச் சுற்றி நின்று நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்.

"எதுக்குண்ணே போட்டோ?"

"ஆபீஸ்ல கேக்குறாகம்மா. அடுத்ததும் தவறுச்சுன்னா வண்டி அனுப்புவாக. அதுக்கு நான் வரமாட்டேன், வேற ஆளுக வருவாக. அதான் முன்னாடியே சொல்லிட்டுப் போறேன்."

அன்றிலிருந்து மகேஸ்வரிக்கு ஒரே கவலைதான். மாதக் கடைசித் தவணைக்குள் பணம் கணக்கில் இருக்க வேண்டும். எதை நிறுத்தலாம் என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சந்தா. ஒரு வருசமாகவே அவள் பஞ்சிங் செய்வதில்லை. மதுரையில் ஒருவர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வாட்ஸப்பிலேயே அனுப்பிவிடுகிறார். சந்தா புதுப்பிக்கும் நாளோ தவணைக்கு நாலு நாள் முன்னால் வருகிறது. ஒரு தவணையைவிடக் கொஞ்சம் கூடுதலான தொகை.

கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டால் மட்டும் சந்தா நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். கணக்குக்குள் போய் நிறுத்த வேண்டும். போகப் பார்த்தாள், உள்ளே நுழைய ஓர் எண் கேட்டது. அது லிடியாவின் மெயிலுக்குப் போனது. உடனே லிடியாவுக்கு போன் போட்டாள். புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"அக்கா, அந்த சாஃப்ட்வேர நிறுத்திரலாம்னு பாக்குறேன். உங்க மெயில்லதான இருக்கு, கொஞ்சம் நிறுத்திவிட்ருங்க."

"ஏண்டி, இம்புட்டு நாளு வச்சிருந்துட்டு இப்ப என்ன?"

"தவணை இடிக்குதுக்கா. மிஷினத் தூக்கிருவாகளோன்னு பயமா இருக்கு."

"சரி சரி, அழுகாத. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் லிடியாவே கூப்பிட்டு, "நிறுத்திட்டேன்டி, போயி நிம்மதியாத் தூங்கு" என்றாள். மகேஸ்வரி அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள்.

புதுப்பிக்கும் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் பேங்க்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. நாளைக்கு இன்ன தொகை எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த லிங்க்கில் போய் நிறுத்துங்கள் என்று இருந்தது. மகேஸ்வரி ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினாள். லிடியாவைக் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் அதுபாட்டுக்கு வர்ற மெசேஜ்டி. யாராவது உக்காந்து எழுதுறாகன்னு நினைச்சியா?"

"இல்லக்கா, தொகையெல்லாம் சரியாப் போட்டிருக்கு. பேங்க்குலயும் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி வச்சிரவா?"

"நான் நிறுத்திட்டேன்னு சொல்றேன். என்னையவிட அந்த மெசேஜ் உனக்குப் பெருசாப் போச்சா?"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. லிங்க் கண்ணெதிரே நீல நிறத்தில் இருந்தது. விரலை வைத்தால் போதும். ஆனால் வைத்தால், லிடியா பொய் சொல்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல் ஆகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பணம் போய்விட்டது.

மகேஸ்வரி கூப்பிட்டபோது லிடியா எடுத்தாள். "கோயில்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாள். அப்புறம் எடுக்கவேயில்லை. மகேஸ்வரி அப்போதும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தாள். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டாள். மெயில் யாருடையதோ அவர் எழுதினால்தான் பதில் சொல்ல முடியும் என்று மரியாதையாகக் கைவிரித்துவிட்டார்கள். பணம் கொடுத்தவள் என்று அவளை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நூல் வாங்க பேகம்பூர் போனாள். சௌகத் அலி கடையில்தான் அவளுக்கு எப்போதும் நூல்.

"வாம்மா. நீயும் உன் கூட்டாளியும் ஒரே நாள்ல வாரீங்க. லிடியா இப்பதான் பொன் கலர் நூல் வாங்கிட்டுப் போகுது."

"லிடியாக்காவா? அவுக எதுக்கு பாய் நூல் வாங்குறாக?"

"ஏம்மா, உனக்குத் தெரியாதா? வீட்டுலயே மிஷின் போட்டு ஓட்டுதுல்ல. சித்திரையிலருந்து நம்மகிட்டத்தான் நூல். சாம்பிள் காட்டுச்சு, உன்னோட கழுத்து டிசைன் மாதிரியே இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து பண்றீங்கன்னு நினைச்சேன்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. மகேஸ்வரி நூல் வாங்காமலே எழுந்தாள். சித்திரைக்குப் பிறகு தன்னிடம் வராமல் போன பழைய வாடிக்கைகள் ஒவ்வொருவராக மனசில் வந்துபோனார்கள். கடை படுத்ததற்கு ஆடி மட்டும் காரணமில்லை.

மரியநாதபுரத்தில் லிடியாவின் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது போனிலேயே அந்த சாஃப்ட்வேரின் விதிகளைத் தேடிப் படித்தாள். ப்ளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு வரிவரியாக. புதுப்பித்த பதினாலு நாளுக்குள் கணக்குக்காரர் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ஓரிடத்தில் இருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

முன்னறையில் பழைய மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் திரையில், சந்தாக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த மகேஸ்வரியின் டிசைன்கள் திறந்து கிடந்தன. அவள் வைத்த பெயர்களைக்கூட மாற்றவில்லை. 'வத்தலக்குண்டு டீச்சர் கழுத்து', 'சின்னாளபட்டி கை பார்டர்'.

லிடியா மிஷினை நிறுத்தினாள்.

"வாடி. உக்காரு. டீ போடவா?"

"எப்ப நிறுத்துனீங்கக்கா?"

லிடியா கீழே விழுந்த நூல்கண்டை எடுத்துச் சுற்றினாள்.

"நிறுத்தவே இல்ல. பேங்க்குல நிறுத்துறேன்னு சொன்னப்பகூட என்னையத் தடுத்தீங்க. அதச் சொல்லுங்க மொதல்ல."

"எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல வேலை போயி எட்டு மாசமாச்சு. உனக்குத் தெரியுமா அது?"

"நீங்க சொல்லலையே."

"சொன்னா என்ன பண்ணிருப்ப? நீதான் அந்த சாஃப்ட்வேர ஒரு வருசமாத் தொடலையே. சும்மா கிடக்குறது. நான் கொஞ்ச நாளு ஓட்டிக்கிட்டா தேஞ்சா போகும்? என் கைராசியிலதான் உன் கடையே எந்திரிச்சுச்சு. அத மறந்துட்டியா?"

இதைக் கேட்டதும்தான் மகேஸ்வரி லிடியாவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நாளும் அந்த வார்த்தையை லிடியா ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. மனசுக்குள் கணக்காக வைத்திருந்திருக்கிறாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா. பாதிப் பணம் போடுங்கன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேன். என் வாடிக்கைய எடுத்தீங்க, சரி. மிஷினத் தூக்கிருவாகன்னு அழுதேன்ல உங்ககிட்ட. நிம்மதியாத் தூங்குன்னீங்க."

"எடுத்த பணம் திரும்ப வராதுடி. அதான் போன எடுக்கல."

"வரும். படிச்சுட்டுத்தான் வாரேன். எடுங்க போனை."

"ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கேன். பாதி பாதியா நிக்குது. இந்த மாசம் மட்டும் விடு, கும்பிட்டுக் கேக்குறேன்."

"இந்த மாசம் முடியுறப்ப என் மிஷின் இருக்காது."

வெளியே யாரோ லிடியாவின் புருசன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். லிடியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். போனை எடுத்தாள். ரத்து செய்யப் போனால் அது விடுவதாக இல்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. கொஞ்ச காலம் நிறுத்தி மட்டும் வைக்கலாமே என்றது. ஒவ்வொரு திரையிலும் பெரிய பட்டன் இருக்கச் சொன்னது, வெளியே போகிற வழி அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மகேஸ்வரி பக்கத்தில் நின்று, "அது இல்ல, கீழ... இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பணம் திரும்ப வேண்டும் என்ற கட்டத்தையும் அமுக்க வைத்தாள். உறுதி மெயில் வந்து சேரும்வரை நகரவில்லை. அதைத் தன் போனில் படம் பிடித்தாள். கார்டு எண்ணையும் அழிக்கச் சொன்னாள்.

"அம்புட்டு சந்தேகமா?" என்றாள் லிடியா.

மகேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். போகும் வழியில் பேங்க் ஆப்பில் போய் அந்தக் கம்பெனிக்குத் தானாகப் பணம் போகிற அனுமதியையும் ரத்து செய்தாள். வீட்டுக்கு வந்ததும்தான் பாண்டியராஜிடம் சொன்னாள். அவன் கோபத்தில் பைக்கை எடுக்கப் போனான்.

"எங்க போறீங்க? போயி என்ன கேப்பீங்க? அவ என் கையிலருந்து எதையும் பிடுங்கல. நான்தான் ஓடிபிய வாசிச்சேன்" என்று அவனை உட்கார வைத்தாள்.

தவணை நாளில் பணம் வந்திருக்கவில்லை. ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போய் பொம்மையனிடம் அந்த மெயில் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"மெயிலக் காட்டித் தவணைக்கு நாள் கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பேசி சனிக்கிழமை வரை நேரம் வாங்கித் தந்தார். வெள்ளிக்கிழமை பணம் வந்தது. அன்றைக்கே கட்டிவிட்டாள். ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினைந்து வருசப் பழக்கத்தில் எது எதெல்லாம் உண்மை என்று ஆபீஸ் வாசலில் நின்று யோசித்துப் பார்த்தாள். டப்பாவில் விழுந்த வெஞ்சனம்கூட இப்போது சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு ஓர் அம்மா வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம். மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். பையிலிருந்து பாதி தைத்த ஜாக்கெட் துணியை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, லிடியாங்கறவங்க அனுப்பிச்சாங்க. அவங்களால முடியலைங்களாம். நீங்க அவங்க தங்கச்சி மாதிரின்னு சொன்னாங்க. முன்பணம் அவங்ககிட்டயே குடுத்துட்டனுங்க."

மகேஸ்வரி துணியை விரித்துப் பார்த்தாள். டிசைன் அவளுடையதுதான். திறக்க இப்போது அவளிடம் சாஃப்ட்வேர் இல்லை. மதுரைக்காரரிடம் சொல்லித்தான் புதுசாகப் போட வேண்டும்.

"புதன்கிழமை தாரேன்மா. ஆனா முழுக் கூலி ஆகும். அங்க குடுத்தது எனக்கு வரல."

"அதெப்படிங்க? தங்கச்சின்னாங்களே."

"அவுக சொன்னது. நான் சொல்லலையே."

அந்த அம்மாவுக்குச் சங்கடம். நாற்காலியில் உட்கார்ந்து லிடியாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மகேசு, ஏய் மகேசு, பக்கத்துல இருக்கியா?" என்று லிடியாவின் குரல் கடைக்குள் கேட்டது. மகேஸ்வரி ஃப்ரேமில் வேறொரு துணியை மாட்டி, மிஷினைப் போட்டாள். அந்த அம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டு தெருவுக்கு எழுந்து போனார்.