கரண்ட் கடத்திய கறுப்பு பிளாஸ்டிக்

பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு உருப்படியாக நினைவிருப்பது இது ஒன்றுதான். அதை நம்பித்தான், ஒன்பது வருடம் எங்களிடம் வேலை பார்த்த மனிதரைத் திருடன் மாதிரி வெளியே அனுப்பினேன்.

நல்லூரில் எங்களுக்குப் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் இரண்டு. ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மெஷினில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சின்னக் கம்பியும் விளக்கும் உண்டு. நூல் அறுந்தால் கம்பி சாயும், கரண்ட் சேரும், விளக்கு எரிந்து மெஷின் நிற்கும். அவர் நூலை முடிந்து மறுபடி ஓட்டுவார். அந்தக் கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு ஒரு நூலின் இடத்தில் மட்டும் அடிக்கடி விரிசல் விட்டு என் உயிரை வாங்கியது. கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் என் தங்கையிடம், "ஒடையாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு கண்ணு" என்று கேட்டேன். கறுப்பாக ஒன்று வந்தது. குறட்டில் பிடித்து வளைத்தும் அசையவில்லை. அடி சக்கை என்று மாட்டினேன்.

மறுநாளிலிருந்து மெஷின் நின்று நின்று ஓடியது. நூல் அறுந்திருக்காது, ஆனால் அந்த இடத்து விளக்கு எரியும். கம்பியை விரலால் தட்டி மெஷினை நிறுத்திக் காலாறும் தந்திரம் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? நான் பக்கத்தில் போய் நின்றால் சமர்த்தாக ஓடும். துண்டைப் பிடிக்கும் திருகாணி லூசோ என்று இறுக்கினேன். அன்றைக்கு இன்னும் அதிகமாக நின்றது. எனக்குத் தலை சுற்றியது. குழப்பம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும்.

"ஏனுங்க, முடியலைன்னா முடியலைன்னு சொல்லீர வேண்டியதுதானுங்க? எதுக்கு இந்தக் கள்ளத்தனம்?"

"நான் தொடவே இல்லம்மா. எம் பிள்ளைக மேல சத்தியம்."

"அப்பறம் என்ன, பேயா வந்து தட்டுது? நாளைக்கு வராதீங்க."

அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வேலம்பாளையம் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் நானே மெஷினை ஓட்டினேன். மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், மெஷின் நின்றது. அட முருகா! பஞ்சு அடைத்திருக்கும் என்று ஊதினேன். கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினேன். எதற்கும் மசியவில்லை.

கடைசியில் மெக்கானிக் வந்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் கறுப்புத் துண்டில் வைத்தார். முள் நகர்ந்தது.

"அக்கா, இதுல கரண்ட் போகுதுங்க."

"பிளாஸ்டிக்லயா? உங்க மீட்டரைத் தூக்கிப் போடுங்க."

விரிசல் விட்ட பழைய துண்டில் வைத்துக் காட்டினார். முள் அசையவே இல்லை.

தங்கைக்கு போன் போட்டேன். "அதுல கிராஃபீன் கலந்திருக்குக்கா. பென்சில் கரியை ஓரணுக் கனத்துக்கு உரிச்ச மாதிரி. கொஞ்சம் சேத்தாலே வலு வந்துரும், நான் தூக்கலாவே போட்டுட்டேன். செதிலெல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுட்டா கரண்டுக்கு வழியாயிரும், கம்பி சாயாமலே வெளக்கு எரியும்."

"அதைச் சொல்றதில்லியா?"

"நீ ஒடையக் கூடாதுன்னுதான கேட்ட?"

மெஷின் அதிரும்போது விட்டு விட்டுச் சேர்ந்த அந்த வழியை, திருகாணியை இறுக்க இறுக்க நானே நன்றாகத் திறந்துவிட்டேனாம். கரியைச் சேர்த்தால் வலு எப்படி வரும், இன்னும் கொஞ்சம் கூட்டினால் குணமே ஏன் மாறும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் தொடவில்லை என்பது மட்டும் பிடிபட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துட்டுதும்மா. அறியாமத் தட்டிட்டேன் போலன்னு இவகிட்ட ஒத்துக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே வேலைக்கு வந்தார். கறுப்புத் துண்டைக் கழற்றி வேறு போட்டாயிற்று. இப்போதெல்லாம் நூல் அறுந்து மெஷின் நின்றால் அவர் உடனே கிட்டே போவதில்லை. வேண்டாமுங்க என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லை. இரண்டு கைகளையும் விரித்து, நான் இருக்கும் பக்கம் திரும்பி நிற்கிறார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் நூலை முடிகிறார்.