உடம்பில் உலோகம் உண்டா?

இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று தரம் கேட்கிறார்கள். "உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?" மூன்று தரமும் என் கணவர் யூட் "நைன்" என்றார். ஜேர்மன் மொழியில் 'இல்லை'. மூன்றும் பொய்.

அவருடைய வலது தொடையில் செல் குண்டின் துண்டு ஒன்று இருக்கிறது. சண்டைக்குப் பயந்து எங்கள் ஊரான பேசாலையை விட்டு இடம்பெயர்ந்து ஓடிய நாளில் பட்டது. அந்தக் காலத்தில் இராணுவச் சோதனைச்சாவடியில் அப்படியொரு தழும்பு தெரிந்தால் போராளி என்று சந்தேகித்து ஆளை மறித்து வைத்துவிடுவார்கள். கொதிக்கிற வெயிலிலும் நீளக் காற்சட்டையோடுதான் வலை இழுத்தார். கேட்டால் இல்லை என்று சொல்வது அன்றைக்கு உயிரைக் காத்த பழக்கம்.

இப்போது மூளையில் கட்டி. மண்டையைத் திறந்து கட்டியை எடுப்பார்கள். மூடுவதற்கு முன்னர் அவரை அப்படியே எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் விட்டு, மிச்சம் உண்டா என்று படம்பிடித்துப் பார்ப்பார்கள். அந்த இயந்திரம் முழுவதும் காந்தம்.

"முதல் ஸ்கானிலயே தொடை சுட்டதப்பா. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்," என்று என்னிடம் தமிழில் கிசுகிசுத்தார்.

"இந்த முறை மயக்கத்தில கிடப்பீங்கள். சுட்டால் ஆருக்குச் சொல்லுவீங்கள்?"

"சொன்னால் ஒப்பரேசனை நிப்பாட்டிப் போடுவாங்கள். நீ பேசாமல் இரு."

நான் பேசினேன். தாதி பேனையை வைத்துவிட்டு ஓடினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு சிறியது, இரத்தக்குழாயிலிருந்து விலகி இறுகிக் கிடக்கிறது, கவனமாகச் செய்யலாம் என்றார் வைத்தியர். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட யூட் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணித்தியாலம் கழித்துத் தாதி வந்தார். "ஸ்கான் முடிந்தது. ஒரு துண்டு இன்னும் இருக்கிறது, ஆபத்தான இடத்துக்குப் பக்கத்தில்." துண்டு என்றதும் என் நினைவு தொடைக்குத்தான் போனது. காந்தம் இழுத்துவிட்டது என்றே நம்பினேன். "காலை வெட்டுவீர்களா?" என்று கேட்டேன். அவர் திகைத்து, தன் தலையைத் தொட்டுக் காட்டினார். கட்டியின் துண்டு. அதை எடுக்க மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலுக்காக உடனேயே வெட்கப்பட்டேன்.

பின்னேரம் கண் விழித்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பெயர், மாதம் எல்லாம் சரியாகச் சொன்னார். "உங்கள் வீடு எங்கே?" என்று தாதி கேட்டபோது மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"எந்த வீட்டைக் கேக்கிறா?"

தாதியின் பேனை தாளின் மேல் நின்றது. குழம்பிவிட்டாரா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் விளங்கப்படுத்த என் ஜேர்மன் போதவில்லை. நாங்கள் இருக்கும் தெருவின் பெயரையும் இலக்கத்தையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். யூட் மட்டும் என் பதிலுக்காக இன்னும் காத்திருந்தார்.